ஏழு கூட

தல்லாகுளம், மதுரை.
30.11.1997, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமான அக்கா ஜோசபினுக்கு,

தம்பி ஞானசீலன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ரூத், ஜெய்சன், பூசணிக்காய் ஆகிய நால்வரும் நலம். மஸ்கட்டில் உன் நலத்துக்காகவும் உன் வார்டில் படுத்திருப்பவர்களின் நலத்துக்காகவும் தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் நடக்கிறது. ரூத் நடத்துகிறாள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். மழை பரவாயில்லை. வைகையில் தண்ணீர் வந்தது. போயும் விட்டது. நீ அனுப்பிய பேரீச்சம்பழம் கிடைத்தது. அதுவும் போய்விட்டது.

பூசணிக்காயைப் பற்றிப் பிறகு. முதலில் ஒரு வாக்கியம். எட்டு நாளாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அத்தானின் கல்லறையில் கல் இல்லை.

ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில், “கறுப்புக் கல். மாலை வெயில் அதன்மேல் விழுந்து கொஞ்சம் தயங்கியது” என்று எழுதியிருந்தேன். அந்த வரியை மூன்று முறை படித்ததாக நீ பதில் போட்டாய். வெயில் உண்மை. தயக்கமும் உண்மை. கல் மட்டும் இல்லை. கல்லுக்கென்று நீ அனுப்பிய ஆறாயிரம் ரூபாயும் இல்லை. டிசம்பர் 20 அத்தானின் இரண்டாம் நினைவு நாள். நீ 18ஆம் தேதி வருகிறாய். பெட்டியைக்கூட இறக்காமல் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் முதலில் போவேன் என்று எழுதியிருக்கிறாய். நீ அங்கே போய் வெறும் மண்ணின் முன்னால் நிற்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என்னைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை, வரிசைதான் இருக்கிறது.

ஜூனில் உன் உத்தரவு வந்தது. “பிள்ளைகளுக்குக் காசோட அருமை தெரியணும் தம்பி. சொன்ன சொல்லக் காப்பாத்தத் தெரியணும். அவங்கப்பா மாதிரி வளரணும். பொறுப்பு ஒன்னுது.” ரூத்துக்குப் பதினாறு, ஜெய்சனுக்குப் பதினாலு. எனக்கு இருபத்தெட்டு, கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர், மாதம் ஆயிரத்து எண்ணூறு. இந்த மூவரில் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அவங்கப்பா மாதிரி என்றாய். அத்தானைப் பற்றி உனக்கே நான் எழுதுவது சிரிப்பாக இருக்கும். ஆனால் எழுத வேண்டியிருக்கிறது. ஆரப்பாளையம் - சோழவந்தான் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் கண்டக்டர் இஸ்ரவேல். பலருக்கு அவர் முகம் தெரியாது. பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து வரும் குரல்தான் அவர். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதி வட்டம் போட்டுக் கொடுப்பார். எல்லாக் கண்டக்டர்களும் அப்படித்தான் செய்வார்கள். இறங்கும்போது நினைவாகக் கேட்கிறவனுக்கு மீதி, மறந்தவனுக்கு டிக்கெட். அத்தான் மட்டும் கேட்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டுக் கொடுப்பார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்திருப்பார். வீட்டுக்கு வந்து சம்பளத்தை உன்னிடம் கொடுத்தபோதும் அதே மடிப்பு, காணிக்கைத் தட்டில் போட்டபோதும் அதே மடிப்பு. அடக்கத்துக்கு வந்த சோழவந்தான் வெற்றிலைக்காரப் பெண்கள், “எங்க மீதிய ஒரு நாளும் முழுங்காத மனுசன்” என்று சொல்லி அழுதார்கள். அப்படி ஓர் அழுகையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எல்லோரும் பத்துப் பத்தாக ஏற்றுவார்கள். அவர் ஏழு ஏழாக. ஒரு தடவை காரணம் கேட்டேன். “அஞ்சுன்னா சிரிப்பாய்ங்க மாப்ள. பத்துன்னா யோசிப்பாய்ங்க. ஏழுன்னு வையி, கணக்குக் கொழம்பி விட்டுருவாய்ங்க.”

சரி. ஜூன். ஒரு தாளில் நான்கு விதிகள் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டில் கணக்கு. பொய் சொன்னால் பிஸ்கட் டின்னில் இரண்டு ரூபாய் அபராதம். நான்காவது விதியில் கொஞ்சம் இலக்கியம் நுழைந்துவிட்டது. “இந்த வீட்டில் ஒருவர் கொடுத்த வாக்கு எல்லோரும் கொடுத்த வாக்கு.” எழுதியபோது அழகாக இருந்தது.

ரூத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாள்.

“மாமா, இது ஒங்களுக்கும் சேத்தா?”

“சட்டம் எல்லாருக்கும்தான்.”

“அப்ப கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். தமிழிலும் ஆங்கிலத்திலும்.

ஜூலையில் உன் டிராப்ட் வந்தது. அப்போது என் சிற்றிதழ் ‘உப்பின் நிழல்’ அச்சகத்தில் முக்கால்வாசி ஓடி நின்றிருந்தது. காகிதக் காசு கட்டினால்தான் மீதி ஓடும் என்றார்கள். அடுத்த சம்பளத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த சம்பளம் ஆயிரத்து எண்ணூறுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. முன்னூறு பிரதி அச்சானது. நான்கு கட்டுரைகள், மூன்று புனைபெயர்கள், எல்லாம் நானே. அதில் ஒன்று, ‘ஆவி என்பது ஞாபகத்தின் கெட்ட பழக்கம்’, பதினான்கு பக்கம். பதினொரு பிரதிகள் விற்றன. அதில் நான்கை நானே வாங்கினேன், கடைக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல். மற்றவை கட்டிலுக்கு அடியில். அதன்மேல் படுத்துக்கொண்டுதான் உனக்கு அந்த வெயில் வரியை எழுதினேன்.

இனி ஏலம். செப்டம்பர் 28. இதை மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொல்ல மாட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஏலம் தொடங்கியது, கோழி போனது, தேங்காய்க் குலை போனது, சோழவந்தான் வெற்றிலைக் கவுளி ஒன்று வெற்றிலையே போடாத ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனது, நம் சபையில் எதுவும் அதன் விலைக்குப் போகாது, அதுதான் காணிக்கை, கேட்ட பணத்தைக் கையில் இல்லாவிட்டால் மாதத்துக்குள் கட்டலாம், அதுவும் உனக்குத் தெரியும், அப்போது கமிட்டி தவசிங் அண்ணன் ஒரு வெள்ளைப்பூசணியைத் தூக்கினார், மேலெல்லாம் சாம்பல் பூத்து, ஒரு சின்னப் பிள்ளை கனம் இருக்கும், திருஷ்டிக்கு உடைக்கிற காயைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது யாரென்று ஒரே சிரிப்பு, இருபதில் தொடங்கி எழுபத்திரண்டில் எல்லோரும் ஓய்ந்தார்கள், ஒருதரம் ரெண்டுதரம் என்று தவசிங் அண்ணன் இழுத்தார், அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், அவசரமில்லாமல், கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, “ஏழு கூட.” எழுபத்தொன்பது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெய்சன் எழுந்துவிட்டான். “பத்து கூட.” எண்பத்தொன்பது. பின்னாலிருந்து, “ஏழு கூட.” இவன், “பத்து கூட.” நான் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், உட்கார்றா, டேய் உட்கார்றா, என்று சொல்கிறேன், அவன் என்னைப் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை, நேரே பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு அடுத்த குரலுக்காகக் காத்திருக்கிறான், அது வந்ததும் பத்து ஏற்றுகிறான், முதலில் சிரித்த சனம் இருநூறில் சிரிப்பை நிறுத்தியது, முன்னூறில் பந்தல் துணி அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது, இருபது தடவை அக்கா, நான் எண்ணினேன், இருபதாவது ஏழில் நானூற்று இரண்டு, இவன் நானூற்றுப் பன்னிரண்டு என்றான், அதன்பின் குரல் வரவில்லை. தவசிங் அண்ணன் மூன்றாம் தரத்தைச் சொல்லாமல் வெகுநேரம் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெய்சனும் நின்றான்.

பின்னால் போய்ப் பார்த்தேன். பந்தல் முடியும் இடம். சுருட்டிய பாய்கள். ஒரு வயர்ச் சுருள். ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, பின்னாடியிருந்து கேட்டது யாரு?”

“அத நான் ஒங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன் தம்பி,” என்றார் தவசிங் அண்ணன். “எனக்கு வெயிலு கண்ணுல. கொரலு மட்டும்தான் வந்துச்சு.” நோட்டை மூடினார். “நல்ல வேளை, பையன் ஜெயிச்சான். அந்தாளு ஜெயிச்சிருந்தா நான் யாருகிட்டப் போயி வசூல் பண்றது?”

மொபெட்டில் திரும்பினோம். பின்னால் ஜெய்சன், மடியில் பூசணி. அதன் குளிர்ச்சி என் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது.

“மாசம் நூறு ரூவா வாங்குறவன் நானூத்திப் பன்னண்டுக்குப் பூசணிக்கா கேப்பியாடா? கேக்குறதுக்கு முன்னாடி எப்பிடிக் கட்டுவோம்னு ஒரு யோசனை வேண்டாம்?”

சிக்னலில் நின்றபோது காதருகே சொன்னான்.

“நான் நிறுத்தியிருந்தா அவரும் நிறுத்தியிருப்பாருல்ல மாமா.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. நான் வண்டியை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கேட்டது நீ, கட்ட வேண்டியதும் நீ, இதுதான் பொறுப்பு என்று அழுத்தமான குரலில் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் இருநூற்று எண்பத்தொன்பது பிரதிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

அவன் முகம் சுளிக்கவில்லை. காலாண்டு விடுமுறை வந்தது. தெருவில் பைக் கழுவினான், ஒன்றுக்கு ஐந்து ரூபாய். தம்பியின் வாக்கு தன் வாக்கும்தான் என்று நான்காவது விதியைக் காட்டிவிட்டு ரூத்தும் கிளம்பினாள். நம் தெருமுனை தாண்டினால் அரசு அலுவலகங்கள்தானே. வாசல் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்தாள், ஒன்றுக்கு மூன்று ரூபாய். முதியோர் உதவித்தொகை மனு ஒன்றை எழுதி வாசித்துக் காட்டியதும், மனு கொடுக்க வந்த கிழவரே தன் கதையைக் கேட்டு அழுதாராம். அதற்கு ஐந்து ரூபாய். எழுத்துக்குக் காசு வாங்கிய முதல் ஆள் இந்த வீட்டில் அவள்தான்.

பூசணி சமையலறை வாசலில், ஒரு பழைய துண்டைச் சுருட்டி அதன்மேல் உட்கார வைக்கப்பட்டது. ஞாயிறுதோறும் கோயிலில் கட்டிவிட்டு வந்து, பாக்கியை அதன் சாம்பலில் விரலால் எழுதி வட்டம் போடுவான் ஜெய்சன். 300. 190. 70. அப்பாவின் வட்டம், கடைசியில் சேராமல் கொஞ்சம் விலகி நிற்குமே, அதே வட்டம். நல்ல கணக்கு முறை என்று பாராட்டினேன்.

“நானூத்தி ரெண்டுல ஏன்டா அவரு நிறுத்திட்டாரு?” என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன்.

“அம்புட்டுத்தான் கையில இருந்திருக்கும்,” என்றான். விளையாட்டாக அல்ல.

அக்டோபர் 26, நாலாவது ஞாயிறு. கடன் தீர்ந்தது. பூசணியில் ஒரு சைபரும் வட்டமும். பிள்ளைகள் இருவரும் சாயங்காலம் எங்கோ போய்விட்டு வந்தார்கள். பேசாமல் சாப்பிட்டார்கள். நான் கவனிக்கவில்லை. இரண்டாவது இதழுக்குத் தலையங்கம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன். பூசணியில் சைபருக்குக் கீழே புதிதாக ஓர் எண்.

6000.

சுற்றி வட்டம். சேராத வட்டம்.

அக்கா, அந்தத் தொகை உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியும். இந்த வீட்டில் நான்காவதாக ஒருவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆவி என்பது ஞாபகத்தின் கெட்ட பழக்கம். பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

சாம்பலைத் துடைத்தால் பிள்ளைகள் கேட்பார்கள். காயைத் திருப்பி, எண் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். கல்லூரியிலிருந்து திரும்பியபோது எண் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி திருப்பினேன். மறுநாளும் அப்படியே. கூட்டும்போது ரூத் நகர்த்தியிருப்பாள் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்பாள்.

அந்த வாரத்தில்தான் கீழ்வீட்டு மலையம்மாள் அக்கா, வாடகை வாங்க வந்தவர், படியிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, ஒங்க வீட்டுக்கு விருந்தாளி யாரும் வந்திருக்காகளா?”

“இல்லையே அக்கா.”

“நேத்து மத்தியானம், நீங்களும் இல்ல, பிள்ளைகளும் இல்ல. பூட்டித்தான் கெடக்கு. மாடிப்படியில ஆம்பளக் கொரலு. ‘படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க’ன்னு. நான் அரிசி காயப்போட்டிருந்தேன். யாரச் சொல்றாகன்னு தெரியாம நானும் உள்ள போயிட்டேன்.”

“ரேடியோவா இருக்கும்.”

“ரேடியோவுல எதுக்கு விசில் அடிக்கப் போறான்?” பூசணியை எட்டிப் பார்த்தார். “இது ஏன் இன்னும் ஒடைக்காம வச்சிருக்கீக? ஒரு மாசம் ஆச்சு, அழுகவும் இல்ல.”

நான் திடுக்கிட்டேன். “ஆமாக்கா, அழுகவே இல்ல பாருங்க.”

“அது ஆறு மாசம் கெடாது தம்பி. வெள்ளைப்பூசணி. காலேஜுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாகளா?”

அதோடு என் பயத்தில் ஒரு பகுதி மட்டும் குறைந்தது. மூன்று வாரம் தாங்கினேன். சாப்பிடும்போது அந்த எண்ணுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். முதுகில் யாரோ சில்லறை எண்ணுவது போல இருக்கும். நவம்பர் 22, சனிக்கிழமை. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே கல் கொத்தும் சோலையிடம் போனேன். தவணையில் ஒரு சின்னக் கல்லாவது கிடைக்குமா என்று கேட்கத்தான். நான் வாயைத் திறக்குமுன் அவர் உளியைக் கீழே வைத்தார்.

“கண்டக்டர் இஸ்ரவேல் கல்லுக்குத்தான வந்தீக? வேல நடக்குது சார். ஆறாயிரம் பேசியிருக்கு. பிள்ளைக வாரா வாரம் குடுத்துட்டுப் போகுதுக. ஆனா சொல்லிப்புடுறேன், முழுசா வந்தாத்தான் கல்லு கெளம்பும். வச்ச கல்லப் புடுங்கவா முடியும்?”

பட்டறையின் ஓரத்தில் அந்தக் கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெயர் கொத்தியாகிவிட்டது. வெயில் விழுந்தது. தயங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பது முதலிலேயே கொஞ்சம் குழப்பமாக இருந்தது. நடந்தது இதுதான். கடன் தீர்ந்த ஞாயிறன்று, அப்பாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று ஜெய்சன் கூப்பிட்டிருக்கிறான். மாமா வைத்த கறுப்புக் கல்லையும் பார்க்கலாம் என்று போயிருக்கிறார்கள். உன் கடிதத்தில் அவர்களுக்கும் அந்த வெயில் வரியை எழுதி அனுப்பியிருக்கிறாய். போய்ப் பார்த்தால் மரச் சிலுவை, தும்பைச் செடி. அடுத்த சனிக்கிழமை, நவம்பர் ஒன்று, சோலையிடம் போய்க் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

“ஏன் எங்கிட்டக் கேக்கல?”

“கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்ல மாமா,” என்றாள் ரூத். “ஒங்களுக்குத்தான் ரெண்டு ரூவா நட்டம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். டிராப்ட், அச்சகம், வெயில். ஜெய்சன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கம் படித்தான்.

“இதுக்கா மாமா ஆறாயிரம்?” என்று மட்டும் கேட்டான். நக்கல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான். எனக்கு வந்த ஒரே விமர்சனம் அது.

பிறகு பூசணிக்காய் விஷயத்துக்கு வந்தேன். ஆறாயிரம் என்று எழுதிப் பயமுறுத்தியது யார், ரூத்தா நீயா? நான் எழுதல, அக்காதான் எழுதுனா என்றான் ஜெய்சன். நானா, நீதான்டா எழுதுன என்றாள் ரூத். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரூத் மெதுவாகச் சொன்னாள்.

“ஆறாயிரம்னு எங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்? சோலை அண்ணன் ஒண்ணாந் தேதிதான சொன்னாரு. காயில அதுக்கு முந்தின திங்கக்கெழமையே இருந்துச்சு. அப்ப கணக்கு எழுதுனது நீங்கதான?”

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், டின்னில் இரண்டு ரூபாய் போடுங்கள் என்றேன். இருவரும் போடவில்லை. பொய்யே சொல்லாதபோது எதற்குக் கட்டணும் என்றார்கள். விதிப்படி அது சரி. ஆகஸ்ட் கடிதத்துக்காக என் பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து நான் போட்டேன். விழுந்த சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

இனிக் கணக்கு. பிள்ளைகள் நேற்று வரை சோலையிடம் கட்டியது தொள்ளாயிரத்து எண்பது. மொபெட்டை விற்றேன், இரண்டாயிரத்து நானூறு. ‘உப்பின் நிழல்’ பழைய பேப்பர் கடைக்குப் போனது. நாற்பத்திரண்டு கிலோ, கிலோ மூன்று ரூபாய், நூற்று இருபத்தாறு. ஒரே நாளில் மொத்தப் பதிப்பும் தீர்ந்த முதல் சிற்றிதழ் அதுவாக இருக்கலாம். ஆக மூவாயிரத்து ஐந்நூற்று ஆறு, எல்லாம் சோலையிடம் கட்டியாகிவிட்டது. பாக்கி இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று நாலு. இரண்டு சம்பளம் வந்தாலும் வாடகை, அரிசி போகப் பொங்கலுக்கு முன் கட்ட முடியாது. கடன் வாங்கலாம்தான். ரூத் தடுத்துவிட்டாள். “ஒரு கடன அடைக்க இன்னொரு கடனா மாமா?” என்றாள். ஆகவே 20ஆம் தேதி அங்கே கல் இருக்காது. மரச் சிலுவைதான் இருக்கும். பக்கத்தில் நான் நிற்பேன். ஏச வேண்டியதை அங்கேயே ஏசிவிடு. அத்தானும் கேட்கட்டும்.

கல்லில் என்ன எழுதுவது என்பதையும் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். நான் ஒன்பது வரி எழுதி வைத்திருந்தேன். சோலை எழுத்துக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார் என்பதால் அதை ஜெய்சன் நிராகரித்துவிட்டான். பெயர், பிறப்பு, இறப்பு, கண்டக்டர். அதன்கீழ் ஒரே வரி: “யாருக்கும் மீதி வைக்காதவர்.”

பிள்ளைகளுக்குப் பணப் பொறுப்பும் வாக்குச் சுத்தமும் கற்பிக்கச் சொன்னாய். பாடம் முடிந்தது. மாணவன் சுமார்.

இப்போது மாலை ஐந்தரை. ரூத் அரிசி களைகிறாள். ஜெய்சன் பூசணியில் சாய்ந்துகொண்டு பூகோளம் படிக்கிறான். பக்கம் புரட்டும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாம் அமைதி. மலையம்மாள் அக்கா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். தவசிங் அண்ணனும்தான். வரும்போது எனக்கென்று எதுவும் வாங்காதே. கடல் தாண்டி வரும் வழியெல்லாம் கர்த்தர் உனக்குத் துணையாக இருப்பாராக. வந்து இறங்கிய பின் அவர் எனக்கும் கொஞ்சம் துணை இருப்பாராக.

பயத்தோடும் அன்போடும்,
உன் தம்பி
ஞானசீலன்

பி.கு.: திங்கள், காலை பத்தரை. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். தபால் ஆபீசுக்குக் கிளம்பிப் படியிறங்குகிறேன், சோலை சைக்கிளில் வந்து நின்றார்.

“கல்லு மத்தியானம் கெளம்புது சார். பாக்கி வந்துருச்சு.”

“யாரு குடுத்தது?”

“நேத்து சாயங்காலம் அஞ்சரை இருக்கும். கொத்திக்கிட்டு இருக்கேன். பின்னாடி நின்னு ஒருத்தர் கேட்டாரு, இஸ்ரவேல் கல்லுக்கு மீதி எம்புட்டுன்னு. தலையத் தூக்காமலே சொன்னேன், ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தி நாலுன்னு. ‘ஏழு கூட வச்சுக்க’ன்னு சொல்லி, பணத்தக் கல்லு மேல வச்சாரு. கண்ணுல தூசி. தொடச்சிட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம். அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல. நமக்குக் கூட வாங்கிப் பழக்கமில்ல சார். இந்தாங்க, ஏழு ரூவா. அவரு குடுத்த நோட்டுதான், நான் பிரிக்கக்கூட இல்ல.”

ஐந்தரைக்கு இருவரும் என் கண் முன்னால்தான் இருந்தார்கள். மேலே எழுதியிருக்கிறேன், பார்.

ஆகவே அக்கா, மேலே பாக்கி என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி. கல் இல்லை என்பதையும் அடித்துவிடு. நீ வரும்போது கல் இருக்கும். அப்புறம் இந்தக் கடிதத்தில் மிச்சம் என்ன என்று கேட்காதே. அனுப்பாமலே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அதற்கும் டின்னில் இரண்டு ரூபாய் ஆகும்.

ஏழு ரூபாயை மேசைமேல் வைத்திருக்கிறேன். ஓர் ஐந்து, ஓர் இரண்டு. இரண்டும் நீளவாக்கில் மடித்தபடியே இருக்கின்றன. ரூத்திடம் சொல்லிவிடலாம். ஜெய்சனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் எழுந்து நின்று, பின்னால் திரும்பாமல், பத்து கூட என்பான்.